வலப்பொத்தான்

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில், காலஞ்சென்ற ஏகாம்பரம் அவர்களின் மூத்த குமாரராய்த் தோன்றி, எந்த ஆசிரியரின் நிழலிலும் ஒதுங்காது எழுத்தையும் ஆங்கிலத்தையும் பின்னாளில் கணினி நிரல் எழுதும் வித்தையையும் தமக்குத் தாமே கற்பித்துக்கொண்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் இயந்திரங்களுக்கு டை என்னும் அச்சைப் பூட்டிக்கொடுக்கும் டை செட்டராக முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த திருவாளர் ஏ. தெய்வசிகாமணி, அகவை அறுபத்து நான்கு, அந்த ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்துக்குத் தம் மாடியறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்து, ஒரு சிறு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் வெறுமையாக இருந்தது. ஒருமுறை சொடுக்கினால் அதில் சரிக்குறி விழும், மறுமுறை சொடுக்கினால் மறையும், இதுவரை பதினோரு முறை விழவும் மறையவும் செய்தாயிற்று. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்களும் ஆண்டுக்கொருமுறை ஒரு மாதக் கெடுவுக்குள் இணைய உலாவியில் ஓடும் விளையாட்டொன்றை எழுதி அனுப்பும் போட்டி அது. படமும் ஒலியும் சேர்த்துச் சுருக்கிக் கட்டிய பின் மொத்தமும் பதினாறு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இவ்வாண்டுக்குக் கொடுத்த பொருள் இயந்திரம். கடைசி நேரம் நம் கடிகாரத்தில் இன்று மாலை ஆறரை. விளையாட்டு முடிந்துவிட்டது. ஆனால் விரும்பினவர் ஏற்கலாம் என்று நான்கு அறைகூவல்களைப் போட்டிக்காரர்கள் தனியே வைத்திருந்தார்கள். ஏற்காவிட்டால் ஏனென்று கேட்பார் இல்லை. கண் தெரியாதவர் ஒலியைக் கொண்டே ஆடத்தக்கது, இணையம் அறுந்தாலும் ஓடத்தக்கது, கைபேசியில் ஓடத்தக்கது என்ற மூன்றையும் அவர் படித்ததோடு சரி. நான்காவது, ஒற்றைக் கையால் ஆடத்தக்கது. அதற்குப் பரிசு ஒற்றைக் கைக்கென்றே செய்த விசைப்பலகை. உள்ளங்கை அகலத்தில், விரல்கள் பதியக் குழிவிட்டு, இடக்கைக்கு வேண்டுமென்றால் இடக்கைக்கே அனுப்புவார்களாம். படத்தைப் பார்த்த அன்றே அது யார் கைக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சூசைமாணிக்கத்தின் வலக்கை மணிக்கட்டோடு போனது 1994 ஜூன் பதினொன்று, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. அந்தக் கையைத் தின்ற பிரஸ்ஸில் கட்டை செருகியவர் தெய்வசிகாமணி. அது சூசைக்குத் தெரியாது. கட்டம் வெறுமையாகவே இருந்தது.

எதிர்வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சம்மட்டி சுவரில் விழுவதற்கு ஒரு மூச்சு முன்பாகவே அவருடைய தோள் சுருங்கியது, விழுந்த பிறகு தளர்ந்தது, மறுபடி சுருங்கியது. விளையாட்டிலும் அதே கணக்குதான். திரையில் ஒரு பவர் பிரஸ் நிற்கும். ஒரு கை தகட்டை உள்ளே வைத்துவிட்டு வெளியே வரும். ஆடுபவர் விசைப்பலகையின் இரு கோடியிலும் உள்ள இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினால் ஐம்பது டன் தலை மேலிருந்து இறங்கும். பிரஸ்ஸிலும் அப்படித்தானே, தோளகல இடைவெளியில் இரண்டு பச்சைப் பொத்தான்கள், இரண்டு உள்ளங்கையும் அவற்றின்மேல் இருந்தாக வேண்டும், இருந்தால் அச்சுக்குள் கை இருக்க வழியில்லை. கையைக் காப்பாற்ற எவனோ ஒரு நல்லவன் யோசித்து வைத்தது. அந்த நல்லவனைத் தொழிற்பேட்டை முழுவதும் தினமும் கொன்றது. வலப்பொத்தானை அழுத்தி அதன் விளிம்பில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டால் அது அழுந்தினபடியே நிற்கும். அப்புறம் இடக்கை அடிக்கும், வலக்கை தகடு போடும், ஆயிரம் உருப்படி வருமிடத்தில் ஆயிரத்து எழுநூறு வரும். இப்போது ஒற்றைக் கை அறைகூவலை ஏற்க வேண்டுமென்றால் நிரலில் செய்ய வேண்டியது ஒரே வரி. வலவிசை எப்போதும் அழுந்தியிருப்பதாகக் கொள்க. காலையில் அதை அரை நிமிடத்தில் எழுதினார், எழுதிய பிறகுதான் தம் விரல் செய்த காரியம் தமக்கே தெரிந்தது, அழித்தார், மதியச் சோற்றுக்குப் பிறகு மறுபடி எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார், இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது, நாற்பதாவது வரி, கச்சிதமாக, ஆடாமல். அவர் செருகினால் ஆடாது. மற்ற செட்டர்கள் செருகும் கட்டை பத்து முறை அடிப்பதற்குள் தெறித்து விழும், இயந்திரம் நின்றுவிடும், திட்டிக்கொண்டே மறுபடி செருகுவார்கள். அவர் பெட்டிப்பலகையில் பூவரசு கலந்து வந்த துண்டாகப் பொறுக்கி, அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சரித்து, சைக்கிள் ட்யூபில் ஒரு கீற்றைச் சுற்றி, கட்டைவிரலால் ஒரு தள்ளு. ஒரு ஷிஃப்ட் முழுதும் அசையாது. யார் சொல்லிக்கொடுத்தார்கள், யாருமில்லை, தானாகக் கண்டது. அதைப் பார்க்க மற்ற கொட்டகையிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

படியில் செருப்புச் சத்தம். இரண்டு படிக்கொருமுறை நிற்கும் சத்தம். சூசைமாணிக்கம் வந்து, இடக்கையில் பிடித்திருந்த பொட்டலத்தைக் கணினியின் மேலேயே வைத்தான். அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாயில்காவலன்; ஏழு மணிக்குப் பணி; வெள்ளை முழுக்கைச் சட்டையின் வலக்கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. "இன்னா செட்டரே, கடைய மூடிருவான் மூடிருவான்னு சொல்லினு இன்னும் அதே பக்கத்தையே பாத்துனு இருக்கீங்க. கல்யாணப் பொண்ணு போட்டோவா." "உக்காரு சூசை. எண்ணெய் படும், அதை எடு." "பட்டா இன்னா, உங்க மெசினுக்கு ஆயில் விட்டா மாதிரி." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் மசால்வடையைத் தின்றான். ஒரு மாதமாக இப்படித்தான். இந்த விளையாட்டைச் சோதித்துப் பார்த்தவன் அவன் ஒருவனே. இரண்டு விசையையும் எட்ட முடியாமல் ஒன்றை விரலாலும் ஒன்றை மொண்டி முழங்கையாலும் அழுத்தி, தோற்று, சிரித்து, மறுபடி அழுத்தினான். கை மாட்டிக்கொண்டால் எழும் ஒலிக்கு மட்டும் தெய்வசிகாமணி நான்கு நாள் செலவிட்டிருந்தார். இரைச்சல் அலையை வெட்டி, வடிகட்டி, எலும்பு முறிவது போல ஒன்று செய்தார். பெரிய ஒலி, நாற்காலியில் சாய்ந்திருப்பவனையும் நிமிர்த்திவிடும். சூசை கேட்டுவிட்டுத் தலையாட்டினான். "இது இல்ல செட்டரே." பிறகு ஈரத்துணியை அறைவது போல ஒன்று. "இதுவும் இல்ல. இன்னும் சின்னது." "எவ்வளவு சின்னது." "பெருசா இருந்தா எனக்கே கேட்டிருக்குமே. பக்கத்து மெசினு வேலாயுதம் சொல்லித்தான நான் குனிஞ்சு பாத்தேன்." சொல்லிவிட்டு அன்றும் அவன் வடைதான் தின்றுகொண்டிருந்தான்.

சம்மட்டி. பாலகுருவை இப்படித்தான் கொல்ல வேண்டும் என்று தெய்வசிகாமணி நினைத்தார், இருபத்தொன்பது வருடமாக நினைத்து வந்ததையே நினைத்தார். முதலில் முழங்கால், பிறகு மற்றது, அவசரமே இல்லை. பாலகுரு அன்றைய சூப்பர்வைசர். முந்தின நாள், நாளை இரண்டு மணிக்கு லாரி என்றான், அதற்குள் முடியாவிட்டால் உங்கள் மூஞ்சியில் விழிக்கமாட்டேன் என்றான், மூக்குப்பொடி மணக்கும் அந்த வாய். பொன்முலாம் பூசிய பட்டையோடு ஒரு கைக்கடிகாரம் கட்டியிருப்பான். விளையாட்டின் ஏழாவது கட்டத்தில் பிரஸ்ஸுக்குள் வருகிற கையில் அந்தக் கடிகாரம் மின்னும். மஞ்சள் சதுரங்கள் எட்டு, முள்ளுக்குக் கறுப்பு ஒன்று. சோதனை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு மாதமாகத் தினமும் அந்தக் கையை நசுக்கினார். நூறு தடவை. மஞ்சள் உடைந்து சிவப்பில் சிதறும். சிவப்புச் சதுரங்கள் பன்னிரண்டு போதவில்லை என்று பதினெட்டாக்கினார். நசுக்கிவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டால் நன்றாகப் பசித்தது. ஆனால் பாலகுரு கட்டை செருகு என்று சொன்னானா. லாரி என்றான். மூஞ்சி என்றான். கட்டை என்ற சொல் அவன் வாயில் வந்ததா, வந்த மாதிரி ஒரு ஞாபகம் இருந்தது, அந்த ஞாபகத்தைத் தொட்டுத் தொட்டு அது வழவழவென்று ஆகிவிட்டது, அரத்தால் சரித்த மாதிரி. வரவில்லை. அன்று காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் பாலகுருவே இல்லை. புதிய டையை ஏற்றி, மட்டம் பார்த்து, இரண்டு அடி அடித்துப் பார்த்து, நன்றாக விழுந்த மகிழ்ச்சியில், யாரும் கேட்காமல், கையோடு கட்டையையும் செருகி, சூசைக்கு விட்டுவிட்டு அடுத்த மெசினுக்குப் போனார். சம்மட்டி. ஒன்பது இருபதுக்கு வேலாயுதம் கத்தினான். ஓடினார். தலை அடிமட்டத்தில் நின்றுவிட்டிருந்தது, சூசை இயந்திரத்தின் தூணில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவன் போல நின்றான், தகட்டின் விளிம்பில் சிவப்பு நூலாக இறங்கி டையின் எண் பொறித்த பள்ளத்தில் நிறைந்தது. சக்கரத்தில் கடப்பாரையைக் கொடுத்துப் பின்னோக்கிச் சுற்றினால்தான் தலை மேலேறும். அதைச் செய்யத் தெரிந்தவர் அந்தக் கொட்டகையில் அவர் ஒருவரே. செய்தார். ஆனால் முதலில் அதைச் செய்யவில்லை. இதுதான், இந்த இடம்தான், இங்கே வந்ததும் நினைப்பு வழுக்கிப் பாலகுருவின் முழங்காலுக்குப் போய்விடும், இருபத்தொன்பது வருடமாகப் போய்விடும், இன்று போகவில்லை. முதலில் வலப்பக்கம் போனார். கட்டையைப் பிடுங்கினார். நன்றாகச் செருகியிருந்ததால் சுலபத்தில் வரவில்லை. திருப்புளியைக் கொடுத்து நெம்பினார். அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் கடப்பாரை. ஒரு மனிதனின் கை ஐம்பது டன்னுக்கு அடியில் இருக்க, அந்த நெம்பலுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். இந்த நிரலில் நொடியை ஆயிரமாகப் பிரித்து எண்ணத் தெரிந்தவருக்கு அதை மட்டும் எண்ணத் தெரியவில்லை. பிற்பகல் கேன்டீன் அடுப்பில் அந்தக் கட்டையைப் போட்டார். அதன்மேல் டீ கொதித்தது. அதில் ஒரு டம்ளர் அவரும் குடித்தார்.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. சரிக்குறியைப் போட்டார். போட்டவுடன் அதன் கீழே ஒரு பெட்டி விரிந்தது: இவ்வறைகூவலை உமது விளையாட்டு எவ்வாறு நிறைவேற்றுகிறது, முந்நூறு எழுத்துக்குள் விளக்குக, ஆங்கிலத்தில். ஆங்கிலம் நல்லது. ஆங்கிலத்தில் எதையும் சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரியாது, உலகத்துக்கே சொல்லிவிட்டு அவனுக்குச் சொல்லாமல் இருந்துவிடலாம். வலப்பொத்தானில் கட்டை செருகியவன் நான், என்று ஆங்கிலத்தில் அடித்தார். இலக்கணப் பிழை இல்லை. மார்பில் ஏதோ இறங்கியது போலிருந்தது, எவ்வளவு சுலபம், பிறகு அந்தச் சுலபம் எங்கே பழகியது என்று தெரிந்தது. அன்றைக்கும் ஆங்கிலம்தான். விசாரணை அறிக்கை ஒரு தாள். ஒப்படைக்கும்போது இரு பொத்தான்களும் சரியாக வேலை செய்தன என்று அவர்தான் அழகாக ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். எழுதத் தெரிந்த ஒரே தொழிலாளி என்று நிர்வாகத்தார் மெச்சினார்கள். கட்டையைத் தானே செருகிக்கொண்டதாகச் சூசையின் பேரில் இன்னொரு தாள். அதில் கையெழுத்துப் போட சூசைக்குக் கை இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவனுடைய இடது பெருவிரலை மையில் தோய்த்து உருட்டியபோது அந்த விரலைப் பிடித்துக்கொண்டது யார். "என்னா செட்டரே இது" என்று கேட்டான். "நல்லதுக்குத்தான்" என்றார். அவனுக்கு வேலை போனது. பேராசைக்காரன், கட்டையை வைத்துக் கையைக் கொடுத்தான் என்று தொழிற்பேட்டை பேசியது, அவன் மனைவி ஸ்டெல்லா பேசினாள். நான் வைக்கல, முன்னமே இருந்தது என்று அவன் பத்து வருடம் சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு ஒருநாள், இதே நாற்காலியில், "நானேதான் வச்சிருப்பேன் போல. அந்த வயசுல இன்னா தெரியும்" என்றான். அன்று தெய்வசிகாமணிக்கு வயிற்றில் ஒரு குளிர்ச்சி உண்டாயிற்று. அது நிம்மதி என்பதை இப்போது பெயர் சொல்லி அறிந்தார், அறிந்ததும் பல்லைக் கடித்தார், கடைவாயில் ரத்தச் சுவை வந்தது. கையைத் தின்றது இயந்திரம். மிச்சத்தைத் தின்றது யார்.

ஆங்கில வரியை அழித்தார். அந்தப் பெட்டியில், ஒரே விசையால் ஆடலாம், என்று மட்டும் எழுதினார். சொல்ல வேண்டியதை விளையாட்டுக்குள், தமிழில், ஒற்றைக் கை ஆட்டம் தொடங்குமுன் திரையில் வரும்படி வைக்க வேண்டும். சூசை, கட்டை செருகியது நான். அவ்வளவுதான். ஆனால் தமிழ் எழுத்து எடை கூடியது, ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் இது உயிர்மெய்க்கு மூன்று, ஆறு என்று கேட்கும்; அந்த வாக்கியம் எழுபத்தொன்று கேட்டது. மிச்சம் இருந்ததோ முப்பத்தெட்டு. நிரலை ஏற்கெனவே எலும்பு தெரியச் சீவியாயிற்று, அவர் சீவினால் பிறகு சீவ இடமிருக்காது, அதில் அவருக்குப் பெருமை. ஒலியை எடுக்கலாமா, கூடாது. சிவப்பை எடுக்கலாமா, எடுத்தால் அது பிரஸ் இல்லை, பொம்மை. மேலும் கீழும் நகர்த்தினார். ஏழாவது கட்டம். மஞ்சள் சதுரங்கள் எட்டு, கறுப்பு ஒன்று, அவற்றை மின்னச் செய்யும் வரி ஒன்று. பாலகுருவின் கடிகாரம். அது போனால் உள்ளே வருவது வெறுங்கை, யாருடையது என்று சொல்ல முடியாத கை, நசுக்கினால் பசிக்காது. "இன்னா முறைச்சினு இருக்கீங்க" என்றான் சூசை. "ஒருத்தன எடுக்கணும். இடம் பத்தல." "எடுத்துக் கடாசுங்க. மணி ஆறு பத்து." கடைசியாக ஒருமுறை அந்தக் கையை நசுக்கினார், மஞ்சள் சிதறுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார், பிறகு பத்து வரிகளையும் தேர்ந்து அழித்தார். வாக்கியத்தை இட்டார். சுருக்கிக் கட்டினார். பதினாறாயிரத்து இருநூற்று இருபது. இடம் மீந்தது. மீந்த இடத்தில் ஒலியை எடுத்து இன்னும் சின்னதாக்கினார், அவன் சொல்லச் சொல்லக் கேளாமல் பிடித்து வைத்திருந்த கடைசிப் பெருமையையும் குறைத்தார், கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத ஓர் ஒலி, தாழ்ப்பாள் விழுவதைவிடச் சிறியது.

"ஒத்தைக் கை வந்துருச்சு சூசை. ஆடிப் பாரு" என்று கணினியை அவன் பக்கம் திருப்பினார். எழுந்து சன்னலுக்குப் போக நினைத்தார், உட்கார்ந்தே இருந்தார். சூசை எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விசையைத் தொட்டான். திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் அந்த வாக்கியம் வந்தது. அவன் உதடு அசைந்தது, எழுத்துக் கூட்டிப் படிப்பவன், இரண்டாம் முறையும் அசைந்தது. எதிரில் சம்மட்டி நின்றுவிட்டிருந்தது; இடிப்பவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். இப்போது அடிப்பான் என்று தெய்வசிகாமணி கண்ணை மூடினார், அடித்தால் நல்லது என்று வேண்டினார், அந்த வேண்டுதலிலும் ஒரு தந்திரம் இருந்ததை அறிந்து திறந்தார். சூசை ஆடிக்கொண்டிருந்தான். இடக்கை விசையில் தட்டியது, தலை இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏழாவது கட்டம் வரை அவன் போனதே இல்லை, இன்று போனான். வெறுங்கை உள்ளே வந்தது. அவன் தட்டவில்லை, கை வெளியேறும்வரை காத்திருந்து தட்டினான். மறுமுறை வந்தது. அது உள்ளே இருக்கும்போதே, வேண்டுமென்றே, தட்டினான். அந்தச் சின்ன ஒலி. "இப்ப சரியா இருக்கு" என்றான். பொட்டலத்தைக் கசக்கி எடுத்துக்கொண்டு, இரண்டு படிக்கொருமுறை நின்று நின்று இறங்கிப் போனான். ஆறு இருபத்தேழுக்குத் தெய்வசிகாமணி விளையாட்டை அனுப்பினார்.

பதினெட்டு நாள் அவன் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை, இரவுப்பணி முடிந்த உடுப்போடு வந்து, கதவைத் திறந்தவரின் முகத்தில் ஒரே அறை விட்டான். இரண்டு கை வேலையை இருபத்தொன்பது வருடம் ஒன்றே செய்து வந்த கையின் அறை, முன்பல் ஒன்று தரையில் விழுந்து நாற்காலிக்கடியில் உருண்டது. "அன்னிக்கு அப்புறம் மெசின்ல கட்டையே இல்ல. எனக்குத் தெரியாம எடுத்துட்ட. முன்னாடி அதையா எடுத்த, என் கையையா எடுத்த." வாயில் ரத்தம் நிறைய அவர் சொன்னார், "கட்டைய." சூசை நின்றான். மறு அறைக்கு ஓங்கிய கையை மெல்லக் கீழே இறக்கினான். "எழுது. தாள்ல. தமிழ்ல. வாசிக்கறாப்பல." அவர் எழுதினார், தேதியும் நேரமும் இயந்திரத்தின் எண்ணும் கட்டையின் மரமும் திருப்புளியும் எதுவும் விடாமல் எழுதினார், தாளில் இரண்டிடத்தில் சிவப்பு சொட்டியது, வேறு தாள் எடுக்கப் போனவரை அவன் தடுத்துவிட்டான். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தான். "ஸ்டெல்லாவுக்குப் படிச்சுக் காட்டணும். சோறு போடறப்பல்லாம் கேட்டா, ஏன்யா அந்தக் கட்டைய வச்சன்னு. ஒருவாட்டி கூட நான் சாமி மேல சத்தியம் பண்ணல. வச்சிருப்பேனோன்னு பயம்." கையெழுத்துக்கு மேலே அவருடைய இடது பெருவிரலையும் மையில் தோய்த்து உருட்ட வைத்தான், விரலை அவனே பிடித்துக்கொண்டான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். போட்டியின் முடிவும் அன்றைக்குத்தான் வெளியாயிற்று. ஒற்றைக் கை அறைகூவலில் அவருக்குப் பதினான்காம் இடம், விசைப்பலகை எவருக்கோ போயிற்று, அதை அவர் மறுநாள்தான் பார்த்தார். விவகாரம் தீர்ந்தது சோபகிருது வருடம் புரட்டாசி மாதம் பதினேழாம் நாள், அதாவது 2023 அக்டோபர் நான்காம் தேதி, புதன்கிழமை.